விராலுக்குத் தடை!

உயிருள்ள விரால் மீனை அமெரிக்காவுக்குள் கொண்டு போனால் 6 மாதம் வரை ஜெயில்! அதோடு 5 ஆயிரம் டாலர் வரை அபராதம்!

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. உண்மையான சட்டம். 2002-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வந்த சட்டம்.

தமிழ்நாட்டில் விரால் என்றால் நாக்கில் தண்ணீர் ஊறும். முள் குறைவு. சதை கெட்டி. மற்றக் குளத்து மீன்களை விட விலை கூட. சந்தையில் மீன்காரி அதை அண்டாத் தண்ணீரில் உயிரோடு வைத்திருப்பாள். துள்ளுகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள்.

அந்த விராலுக்கா இந்தக் கதி? அது என்ன குற்றம் செய்தது?

கதை ஒரு சூப்பில் தொடங்குகிறது.

சகோதரிக்குச் சூப்பு

அமெரிக்காவின் தலைநகரம் வாஷிங்டன். அதற்குப் பக்கத்தில் மேரிலாண்ட் என்று ஒரு மாகாணம். அங்கே கிராப்டன் என்று ஓர் ஊர்.

அந்த வட்டாரத்தில் ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் இருந்தார். அவருடைய சகோதரிக்கு உடம்பு சரியில்லை. விரால் சூப்பு குடித்தால் உடம்பு தேறும் என்பது சீனர்களின் நம்பிக்கை. நியூயார்க் நகரில் சீனர்கள் வசிக்கும் பகுதியில் மீன் மார்க்கெட் இருக்கிறது. அங்கிருந்து உயிருள்ள மீன்கள் இரண்டை அவர் வாங்கினார்.

ஆனால் சூப்பு வைப்பதற்கு முன்பே சகோதரிக்கு உடம்பு குணமாகிவிட்டது!

இரண்டு மீன்களும் வீட்டுத் தொட்டிக்குப் போயின. வளர்ந்தன. தீனி போட்டு மாளவில்லை. கடைசியில் 2000-ம் ஆண்டில் அவற்றை ஊரில் உள்ள ஒரு குளத்தில் விட்டுவிட்டார்.

அது சுமார் 4 ஏக்கர் குளம். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

தூண்டிலில் சிக்கியது

2002-ம் ஆண்டு மே மாதம். ஒருவர் அந்தக் குளத்தில் தூண்டில் போட்டார். ஒன்றரை அடி நீளத்தில் ஒரு மீன் மாட்டியது. அப்படிப்பட்ட மீனை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. தலை பாம்பின் தலை மாதிரி இருந்தது. வாய் நிறையப் பல். போட்டோ பிடித்துக்கொண்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

போட்டோ மீன் இலாகாவுக்குப் போனது. அதிகாரிகள் பார்த்தார்கள். திடுக்கிட்டார்கள்.

அது வடக்கு விரால். சீனா, கொரியா, ரஷியா ஆகிய நாடுகளின் ஆறுகளில் வாழ்வது. தமிழ்நாட்டு விராலுக்குப் பங்காளி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டு விராலுக்கு வெயில் வேண்டும். இதற்கு வேண்டாம். மேலே பனிக்கட்டி உறைந்திருந்தாலும் அடியில் உயிரோடு இருக்கும். மேரிலாண்டின் குளிர் அதை ஒன்றும் செய்யாது.

ஜூன் மாத முடிவில் இன்னொரு மீன் அகப்பட்டது. இது 2 அடிக்கும் மேல் நீளம். ஜூலை மாதம் குஞ்சுகளே கிடைத்தன. இரண்டு மீன்கள் குடும்பம் பெருக்கிவிட்டன!

குளத்தங்கரையில் அறிவிப்புகள் முளைத்தன. திருடனைத் தேடுகிற போலீஸ் போல மீனின் படத்தைப் போட்டுத் தேடினார்கள். கண்டால் திரும்ப விடாதே, கொன்றுவிடு என்பது உத்தரவு.

நடக்கும் மீனா?

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அரக்க மீன் என்று பொருள்படும்படி அதற்குப் பட்டப் பெயர் சூட்டினார்கள். அது கரையேறி நடக்கும், அடுத்த குளத்துக்குப் போகும் என்றெல்லாம் எழுதினார்கள். டெலிவிஷன்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு கிராப்டனுக்கு ஓடினார்கள்.

தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையனைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான்.

விராலுக்குச் செவுள் மட்டும் அல்ல. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஓர் அறையும் இருக்கிறது. அதனால்தான் அது அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அதனால்தான் ஏரி வற்றினாலும் சேற்றில் கிடந்து பிழைக்கிறது. ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் தாங்கும். துள்ளும், நெளியும். அதற்கு மேல் ஊர்விட்டு ஊர் நடந்து போகிற வேலை எல்லாம் அதற்குக் கிடையாது.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. விரால் மீன் தின்னும் மீன். அது மட்டும் அல்ல; நல்ல தாய் தகப்பன். முட்டையிட்டு விட்டுப் போய்விடாது. காவல் இருக்கும். தமிழ்நாட்டு ஏரிகளில் விரால் குஞ்சுகள் சிவப்புச் சிவப்பாகப் பந்து மாதிரி திரண்டு மிதப்பதைப் பார்க்கலாம். அடியில் தாய் நிற்கும். கையை விட்டால் பாய்ந்து வரும்.

தமிழ்நாட்டில் அந்தக் குஞ்சுகளைத் தின்னக் கொக்கு உண்டு, நாரை உண்டு, தண்ணீர்ப் பாம்பு உண்டு. அவை எல்லாம் விராலோடு கூடவே வாழ்ந்து பழகியவை. விராலும் அளவோடு இருக்கிறது. கிராப்டன் குளத்து மீன்களோ இப்படி ஒரு பிராணியை அறியாதவை. ஓடி ஒளியத் தெரியாது. விராலைத் தின்று குறைக்கத் தேர்ந்த எதிரியும் அங்கே இல்லை.

போதாததற்குப் பக்கத்திலேயே லிட்டில் பட்டுக்சென்ட் என்ற ஆறு ஓடுகிறது. வெள்ளம் வந்தால் குளத்து மீன் ஆற்றுக்குப் போய்விடும். அதுதான் அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

குளத்துக்கு மருந்து

மீனை விட்டவரை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் வழக்குப் போட முடியவில்லை. வெளியூர் மீனைக் குளத்தில் விடுவது அந்த மாகாணத்தில் குற்றம்தான். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது சட்டம். கெடு தாண்டிவிட்டது!

2002-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் குளத்தில் ரோட்டினோன் என்ற மருந்தைக் கலந்தார்கள். சில செடிகளின் வேரிலிருந்து எடுக்கும் மருந்து அது. மீன்களுக்கு மூச்சுத் திணறும். பக்கத்தில் இருந்த சிறு குளங்களுக்கும் மருந்து வைத்தார்கள். பெரிய விரால்கள் சில செத்து மிதந்தன. குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. அந்தக் குளத்தில் பிறந்து வளர்ந்த, ஒரு பாவமும் அறியாத மீன்களும் கூடவே மிதந்தன.

கிராப்டனில் விராலின் கதை முடிந்தது. வாஷிங்டனில் சண்டை ஆரம்பித்தது.

28 இனங்களுக்கும் தடை

வன விலங்கு, மீன் இவற்றைக் கவனிக்கும் மந்திரியாக அப்போது இருந்தவர் கேல் நார்ட்டன் அம்மையார். மோசமான பேய்ப் படத்தில் வருகிற பிராணி மாதிரி இருக்கிறது என்று அவர் விராலை வர்ணித்தார். வடக்கு விரால் மட்டும் அல்ல. விரால் குடும்பம் முழுவதுக்குமே தடை போட வேண்டும் என்றார். 2002-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தடை வந்தது. மொத்தம் 28 இனங்கள். ஆசியாவின் விராலும் அதில் உண்டு. ஆப்பிரிக்காவின் விராலும் உண்டு. மீன் மட்டும் அல்ல, முட்டைக்கும் தடை.

இந்தத் தடைக்கு ஆதாரமான மூலச் சட்டம் பழையது. 1900-ம் ஆண்டில் வந்தது. கொண்டுவந்த அங்கத்தினர் பெயரால் அதை லேசி சட்டம் என்பார்கள். அதில் முதன்முதல் தடை போடப்பட்ட பிராணிகளில் ஒன்று எது தெரியுமா? கீரிப்பிள்ளை! எலி பிடிக்கட்டும் என்று கரும்புத் தோட்டக்காரர்கள் 1883-ம் ஆண்டில் அதை ஹவாய் தீவுக்குக் கொண்டு போனார்கள். கீரி எலியோடு நிற்கவில்லை. பறவைகளின் முட்டைகளையும் தின்று தீர்த்தது.

விரால் தடையைக் கேட்டு வண்ண மீன் வளர்ப்பவர்கள் கொதித்தார்கள்.

அவர்களுடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. அசாமில் ஒரு குட்டி விரால் இருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட வளராது. வானவில் மாதிரி நிறம். வெப்ப நாட்டு மீன். மேரிலாண்டில் குளத்தில் விட்டால் முதல் பனிக் காலத்திலேயே செத்துப் போகும். அதற்கு ஏன் தடை? கிராப்டன் மீன் வண்ண மீன் கடையில் வாங்கியது அல்லவே! சாப்பாட்டு மார்க்கெட்டில் வாங்கியது அல்லவா? யாரோ ஒருவர் செய்த காரியத்துக்கு வீட்டில் ஒழுங்காகத் தொட்டி வைத்திருக்கிறவனைத் தண்டிப்பதா?

இன்னொரு சங்கடமும் இருந்தது. தடை செய்த மீனை ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் கொண்டு போகக் கூடாது. உத்தியோகம் மாற்றலாகி வீடு மாறுகிறவர் என்ன செய்வார்? நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம். பூனையைக் கூட்டிக்கொண்டு போகலாம். பத்து வருஷம் வளர்த்த மீனைக் கொண்டு போக முடியாது!

அதிகாரிகள் பதில் சொன்னார்கள். விமான நிலையத்தில் பெட்டி வந்து இறங்குகிறது. உள்ளே விரல் நீளக் குஞ்சுகள். எது அசாம் குட்டி, எது இரண்டரை அடி வளரும் முரடன்? சோதனை செய்கிற சிப்பந்திக்கு எப்படித் தெரியும்? குஞ்சில் எல்லாம் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருக்கும். பெயரை மாற்றி எழுதி அனுப்பினால் பிடிக்கவே முடியாது.

குளிரில் செத்துவிடும் என்ற வாதமும் அமெரிக்கா முழுவதுக்கும் பொருந்தாது. தெற்கே புளோரிடா இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல வெயில் அடிக்கும் மாகாணம். வெப்ப நாட்டு விரால் ஒன்று 2000-ம் ஆண்டிலேயே அங்கே வாய்க்கால்களில் அகப்பட்டது. இன்றும் அங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் அதிகாரிகளின் பக்கம்தான் தராசு தாழ்கிறது. ஆனால் அவர்கள் செய்த காரியத்தில் ஒரு பெரிய குறை. காலம் கடந்து செய்தார்கள்.

கண் கெட்ட பிறகு...

2004-ம் ஆண்டு மே மாதம். வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடுகிறது பொடோமாக் ஆறு. அந்த ஆற்றோடு சேரும் ஓடை ஒன்றில் தூண்டில்காரர் ஒருவருக்கு ஒரு மீன் கிடைத்தது. வடக்கு விரால்!

பிறகு இன்னொன்று. பிறகு பல. குளத்துக்கு மருந்து வைக்கலாம். ஆற்றுக்கு வைக்க முடியுமா?

கிராப்டன் மீன்தான் தப்பி ஓடி வந்துவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். விஞ்ஞானிகள் மீன்களின் மரபணுவைச் சோதித்தார்கள். தாய் வழி ஒத்துப் போகவில்லை. ஆற்று மீன்கள் கிராப்டன் மீன்களின் பிள்ளைகள் அல்ல. அப்படியானால் வேறு யாரோ, வேறு எங்கோ, வேறொரு நாள் விட்டிருக்கிறார்கள். சூப்பு வைக்க வாங்கியவர் ஒருவர்தான் ஊருக்குத் தெரிந்தார். தெரியாதவர்கள் எத்தனை பேரோ!

தடை வருவதற்கு முன்பே 13 மாகாணங்களில் விரால் வைத்திருப்பது குற்றமாக இருந்தது. மேரிலாண்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஒரு வீட்டில் 13 கதவுகளைப் பூட்டிவிட்டு மற்றக் கதவுகளைத் திறந்து வைத்த கதைதான்.

ஆற்றில் நுழைந்த விரால் என்ன செய்தது? பயந்தபடி எல்லா மீனையும் விழுங்கிவிடவில்லை. தூண்டில்காரர்கள் விரும்பும் பாஸ் மீன் பொடோமாக்கில் இன்னும் இருக்கிறது. ஆனால் மேரிலாண்டில் பிளாக்வாட்டர் என்ற சதுப்பு நிலச் சரணாலயத்தில் விரால் வருவதற்கு முன்னும் பின்னும் மீன்களைக் கணக்கெடுத்தார்கள். 2019-ம் ஆண்டு முடிவு வெளியானது. அங்கே இருந்த மீன் இனங்களில் பெரும்பாலானவை குறைந்து போயிருந்தன.

எதை அனுமதிப்பது?

கெட்ட மீன் என்று தெரிந்த பிறகு தடை போடுகிறோம். அதற்குள் அது ஆற்றுக்குப் போய்விடுகிறது. முறையையே மாற்றினால் என்ன என்று சிலர் கேட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் வேறு முறை. அங்கே அனுமதிப் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் பெயர் உள்ள பிராணியைத்தான் வெளிநாட்டிலிருந்து உயிரோடு கொண்டு வரலாம். பெயர் இல்லையா? கப்பலிலிருந்தோ விமானத்திலிருந்தோ இறங்கவே முடியாது.

அதே போன்ற மசோதா ஒன்று 2009-ம் ஆண்டு அமெரிக்கப் பார்லிமெண்டுக்கு வந்தது. கொண்டு வந்தவர் குவாம் தீவின் பிரதிநிதி மேடலின் போர்டல்லோ அம்மையார். கேடு செய்யாது என்று பார்த்து ஒப்புக்கொண்ட பிராணிகளை மட்டும் அனுமதிக்க வேண்டும் என்றது மசோதா.

பார்க்க வேண்டுமே அமளியை! மீன் வளர்ப்பவர்கள், பாம்பு வளர்ப்பவர்கள், பறவை வளர்ப்பவர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். கடிதங்கள் மலை மலையாகக் குவிந்தன. கடைகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நல்லது என்று நிரூபிக்க யாரால் முடியும், பிழைப்பே போய்விடும் என்று முறையிட்டார்கள். மசோதா கமிட்டியைத் தாண்டவே இல்லை.

2017-ம் ஆண்டு பழைய சட்டத்திலும் ஓர் ஓட்டை விழுந்தது. இந்தத் தடவை வழக்குப் போட்டவர்கள் மலைப்பாம்பு வளர்ப்பவர்கள். ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் கொண்டு போகக் கூடாது என்று லேசி சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு சட்டத்தை வரி வரியாகப் படித்தது. நாட்டின் பெரு நிலப்பரப்புக்கும் ஹவாய் போன்ற தீவுகளுக்கும் இடையே கொண்டு போவதைத்தான் சட்டம் தடுக்கிறது. பெரு நிலப்பரப்புக்குள் மாகாணம் விட்டு மாகாணம் போவதைத் தடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

பாம்புக்குச் சொன்ன தீர்ப்பு மீனுக்கும் பொருந்தியது. வெளிநாட்டிலிருந்து கொண்டு வரத் தடை அப்படியே இருக்கிறது. மாகாணங்களின் தனிச் சட்டங்களும் இருக்கின்றன. நடுவில் இருந்த வேலி மட்டும் சாய்ந்துவிட்டது.

தங்க மீனைத் தடுப்பது யார்?

இத்தனை சண்டைக்கும் நடுவே ஒரு மீன் சத்தம் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தது. தங்க மீன்!

குழந்தைகள் ஆசையாக வாங்கும் சின்னஞ்சிறு மீன். யாரும் தடை போடவில்லை. 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் மின்னசோட்டா மாகாணத்தில் பர்ன்ஸ்வில் நகர அதிகாரிகள் ஓர் ஏரியில் மீன்களைப் பிடித்துப் பார்த்தார்கள். கால்பந்து அளவுக்குப் பருத்த தங்க மீன்கள் கிடைத்தன! அடிச் சேற்றைக் கிளறும்; செடிகளைப் பிடுங்கும்; தண்ணீரைக் கலக்கிவிடும். தயவு செய்து வளர்ப்பு மீனை ஏரியில் விடாதீர்கள் என்று நகரசபை கெஞ்சியது.

தங்க மீனை விட்டவர்கள் யார்? கெட்டவர்கள் அல்ல. தொட்டி சின்னதாகிவிட்டது. மீன் பெரிதாகிவிட்டது. கொல்ல மனம் வரவில்லை. பிழைத்துப் போகட்டும் என்று ஏரியில் விட்டார்கள். இரக்கம்தான் காரணம். ஜெயிலைக் காட்டி இரக்கத்தை எப்படித் தடுப்பது? சட்டம் போடுகிறவர்களுக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்வி இது.

2004-ம் ஆண்டில் வளர்ப்புப் பிராணி வியாபாரிகளின் சங்கமும் அரசாங்க இலாகாவும் சேர்ந்து ஒரு பிரசாரம் தொடங்கின. வேண்டாத மீனைக் குளத்தில் விடாதே. கடைக்காரரிடம் திருப்பிக் கொடு. வளர்க்கிற இன்னொருவருக்குக் கொடு. பள்ளிக்கூடத் தொட்டிக்குக் கொடு. இதுதான் பிரசாரம். சண்டை போட்ட இரு தரப்பாரும் ஒத்துப் போன ஒரே விஷயம் இதுதான்.

இங்கே வந்த விருந்தாளி

தமிழ்நாட்டிலும் இதே கூத்துத்தான்.

மீன் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு டேங்க் கிளீனர் என்ற மீனைத் தெரியும். கண்ணாடியில் பிடிக்கும் பாசியை வாயால் உறிஞ்சித் தின்னும். கடையில் வாங்கும்போது விரல் நீளம். உடம்பெல்லாம் கவசம் மாதிரி ஓடு. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா.

இரண்டு மூன்று வருஷத்தில் முழ நீளம் ஆகிவிடும். தொட்டி கொள்ளாது. பிறகு? ஏரிதான்!

இன்று தமிழ்நாட்டில் பல ஏரிகளில் மீனவர் வலையை இழுத்தால் இந்த மீன் வருகிறது. முள் குத்தி வலை கிழிகிறது. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. கரை மண்ணைக் குடைந்து வளை தோண்டி அதில் முட்டையிடுகிறது. விரால் எதையாவது தின்னும் என்றால் இந்த ஓட்டை எப்படிக் கடிப்பது?

யாரும் வேண்டுமென்றே விடாமலும் மீன் வெளியேறுவது உண்டு. 2018-ம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். வெள்ளம் வடிந்த பிறகு மீனவர்கள் வலையில் அமேசான் ஆற்று அராபைமா மீன் சிக்கியது. முதலை போன்ற வாய் உள்ள அமெரிக்க மீனும் சிக்கியது. வளர்ப்பு இடங்களிலிருந்து வெள்ளத்தில் தப்பி வந்தவை அவை.

புதுப் பெயர்

இனி விராலை ஒழிக்க முடியாது என்று மேரிலாண்ட் முடிவுக்கு வந்துவிட்டது. ஒழிக்க முடியாவிட்டால் தின்றுவிடுவோம் என்று கிளம்பிவிட்டார்கள். ஓட்டல்களில் விரால் வறுவல் பரிமாறுகிறார்கள். இரவில் படகில் விளக்குக் கட்டிக்கொண்டு போய் வில்லும் அம்புமாக விரால் வேட்டையாடுகிறார்கள்.

ஆனால் பாம்புத் தலை என்ற பெயரைக் கேட்டாலே அமெரிக்க மாமிகள் முகம் சுளிக்கிறார்கள். அதனால் 2024-ம் ஆண்டு மேரிலாண்ட் சட்டசபை அதற்கு ஒரு புதுப் பெயர் சூட்டியது. அந்த வட்டாரத்து வளைகுடாவின் பெயர் செசபீக். விராலின் விஞ்ஞானப் பெயர் சன்னா. இரண்டையும் சேர்த்துச் செசபீக் சன்னா!

எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம். எந்த அளவு மீனையும் பிடிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. பிடித்த இடத்திலேயே கொன்றுவிட வேண்டும். உயிரோடு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனால், அது சூப்புக்குத்தான் என்று சொன்னாலும், குற்றம் குற்றம்தான்.